ரூடி மேல கை வைக்காதே!

"அந்த மெஷின் பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னத்தைப் பார்த்தே? உன் மூஞ்சி அதுல அழகாத் தெரியுதான்னா?"

லொரேன் போட்ட சத்தத்தில், வரவேற்பறையில் அதுவரை கத்திக்கொண்டிருந்த பூனைகூட வாயை மூடிக்கொண்டது.

எதிரே நின்றவள் மார்லா. அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவள் டெக்னீஷியன். மயக்க மருந்து கொடுத்த பிராணிகளின் மூச்சும் நாடியும் அவள் பொறுப்பு.

லொரேனின் செல்ல நாய் ரூடி, பீகிள் ஜாதிக் கிழட்டு நாய். சொத்தைப் பல் பிடுங்க வந்த இடத்தில், மயக்கம் ஏறும்போதே குபுக்கென்று வாந்தி எடுத்துவிட்டது. கொஞ்சம் நுரையீரலுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. பல்லை அப்படியே விட்டுவிட்டு, இப்போது ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள்.

"பிழைச்சுக்குவானா டாக்டர்?" என்று கேட்டார் வெர்ன், லொரேனின் கணவர். பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன்.

"இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா பயமில்லை," என்றார் டாக்டர் வீலன். "நான் திரும்பறதுக்குள்ள மார்லா தலையைத் தாழ்த்திப் பிடிச்சுத் தொண்டையைச் சுத்தம் பண்ணிட்டா. இல்லேன்னா அங்கேயே..."

"அவளுக்கு வக்காலத்து வாங்காதீங்க டாக்டர்! கண்ணு மூடாம பார்த்துக்கத்தானே இவ இருக்கா?"

"வயிறு காலியா இருந்தா மயக்கத்துல இப்படி வாந்தி வராதே. காலையில அவன் ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு துணுக்குக் கிடையாது! நேத்து ராத்திரியே கிண்ணத்தைத் தூக்கி அலமாரி மேல வெச்சுட்டேன். இதோ, இந்த மனுஷனைக்கூட சமையலறைப் பக்கம் விடலை. வெறும் வயித்தோட வாலை ஆட்டிக்கிட்டே வந்தான் என் கண்ணு..." அதற்கு மேல் முடியாமல் லொரேனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "அப்படியா? ஆனா வெளியே வந்ததைப் பார்த்தா..."

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்று மார்லா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். "காலையில நீங்க வந்தப்பவே நான் இன்னும் நல்லா விசாரிச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று.

"கேட்டீங்களா? அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா! இவளை இன்னும் வேலையில வெச்சிருந்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு காபி குடிக்கும்போது ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிடுவேன். அப்புறம் ஒரு கோழிக்குஞ்சுகூட உங்க படி ஏறாது!"

"கொஞ்சம் பொறுங்க. ராத்திரி ரூடி பக்கத்துல உட்காரப் போறதே மார்லாதான். அவளுக்கு இன்னிக்கு வேலை நேரம் முடிஞ்சாச்சு. அவளா கேட்டு..."

"கொல்லப் பார்த்தவளே காவலா? நல்லாயிருக்கு நியாயம்! இவ ரூடி மேல கை வைக்கவே கூடாது!"

"வேற ஆள் இல்லையே."

"அப்ப நீங்களே உட்காருங்க!"

வீட்டுக்குக் கிளம்பத் தன் கோட்டை எடுக்க உள்ளே போன மார்லா, கதவருகே தயங்கி நின்றாள்.

"இன்னொண்ணு மேடம். அடுத்த தடவை மயக்கம் கொடுக்கறதா இருந்தா, காலையில கொடுக்கச் சொல்ற அந்தப் பதட்டம் குறைக்கற மாத்திரையை வீட்டுல கொடுக்க வேண்டாம். இங்கேயே கொடுத்துக்கறோம்."

"பார்த்தியா வெர்ன், இவ கொழுப்பை? குட்டியிலேர்ந்து வளர்த்த எனக்கு மாத்திரை கொடுக்கத் தெரியாதாம்!"

லொரேன் கதவை அறைந்த அறையில் வாசலில் கட்டியிருந்த மணி கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டு வெர்ன் பின்னால் வந்தார்.

வண்டியில் ஏறியும் லொரேன் அடங்கவில்லை. "அவளை வேலையை விட்டுத் துரத்தாம நான் ஓய மாட்டேன்!"

வெர்ன் சாவியைப் போட்டார். திருகவில்லை.

"அவ ஏன் லொரேன் அந்த மாத்திரையைப் பத்திச் சொன்னா?"

"திமிரு! வேற என்ன?"

"அவன்தான் மாத்திரையைக் கண்டாலே துப்பிடுவானே. காலையில எப்படிக் கொடுத்தே?"

"என்கிட்ட அவன் பருப்பு வேகுமா? ஈரல் சாசேஜைக் கீறி நடுவுல வெச்சேன். மாத்திரையை மட்டும் துப்பிட்டு சாசேஜைத் தின்னுட்டான் படவா. விடுவேனா? இன்னொண்ணுல வெச்சேன். அது லபக்குனு உள்ளே..."

லொரேனின் வாய் பாதியில் நின்றது. வெர்ன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மாத்திரைக்காகத்தானே வெர்ன்? அது எப்படி சாப்பாட்டுல சேரும்?"

அவர் சாவியை வெளியே எடுத்தார். அதைப் பார்த்து அவளுக்குத் திரும்பவும் கோபம் வந்தது.

"சரி, நான்தான் முட்டாள்! அதுக்காக அவ எதுக்குத் தப்பு என்னோடதுன்னு சொன்னா? சாசேஜ் கொடுத்தது அவளுக்கு எப்படித் தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து குரலை உயர்த்தாத வெர்ன், ஸ்டீயரிங்கை ஓங்கி அறைந்தார்.

"இறங்கு! அவ கிளம்பறதுக்குள்ள ஓடிப்போய், ராத்திரி ரூடி பக்கத்துல இருக்கச் சொல்லி அவ கையைப் பிடிச்சுக் கேளு. அவன் தொண்டையிலேர்ந்து அந்த சாசேஜைத் தோண்டி எடுத்தவளே அவதான்!"