சுவரில் வளர்பவன்

ஜெர்லினுக்கு மூச்சிழுப்பு வந்த நாளிலிருந்து அந்த அறையின் ஜன்னலை யாரும் திறப்பதில்லை. குளிர்காற்று பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா அமலி கொக்கியைப் போட்டு, இடுக்குகளில் பழைய துணியைச் செருகிவைத்திருந்தாள். துவைத்த துணியும் உள்ளேயே காய்ந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில், தரையோரம் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. பினாயில் ஊற்றித் துடைத்தால் போகும். பத்து நாளில் திரும்பி வரும், முன்பைவிட உயரமாக. ஜெர்லின் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள். பிறந்தநாள்தோறும் அப்பா அவளை அதே சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் பென்சில் கோடு போடுவார். எட்டாவது பிறந்தநாளில் கோடு போன வருடத்துக் கோட்டின் மேலேயே விழுந்தது. "நேரா நில்லும்மா" என்றார். நேராகத்தான் நின்றாள். "இப்ப தம்பிக்குப் போடுங்கப்பா" என்றாள் ஜெர்லின், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியபடி. அவர் சிரித்துக்கொண்டே, கறுப்பு முடியும் இடத்தைத் தேடிப் பென்சிலை மெல்ல உயர்த்தினார். மகளின் கோட்டைத் தாண்டியும் கை நிற்கவில்லை. அமலி எழுந்துபோய் ஜன்னல் இடுக்கிலிருந்த துணிகளைப் பிடுங்கினாள். துருவேறிய கொக்கி அசையவில்லை. "சுத்தியல் எடுத்துட்டு வாங்க" என்றாள்.