வெள்ளை மேட்டு வேட்டை

"வண்டியில பொம்பளைங்களுக்கு இடமில்ல. இறங்கு!"

அபூ தலால் போட்ட சத்தம் பத்துக் கூடாரங்களுக்கும் கேட்டது.

வண்டியின் பின்பக்கம் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்திருந்த வஸ்மியா, காலை எடுக்கவில்லை.

"போன வருஷம் இதே வண்டியில உங்க தம்பிகூட நானும்தான் வந்தேன். அப்ப இடம் இருந்துச்சே?"

"அப்ப அவன் இருந்தான்."

வஸ்மியாவின் முகம் சுருங்கிப்போனது. கணவன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

ஈராக்கில் சமாவாவுக்குத் தெற்கே இந்தப் பாலையில், இடியோடு மழை பெய்த வருஷம்தான் சிமா விளையும். மண்ணுக்குள்ளேயே உருளைக்கிழங்கு மாதிரி திரளும் காளான். இந்த முறை இடி கொஞ்சநஞ்சம் இல்லை. அதை நம்பித்தான் வஸ்மியா பெரியவர்கள் முன்னால் சபதம் போட்டிருந்தாள்.

"தனியா எப்படிப் பிழைப்பே? கூடாரத்தைச் சுருட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு" என்று அபூ தலால் சொன்னபோது, "சிமா தோண்டி வித்து, ஆடு வாங்கி, என் கூடாரத்தை நானே நிறுத்திக் காட்டறேன்" என்றாள். வசந்தம் முடியும்வரை தவணை கொடுத்திருந்தார்கள்.

"அவ ஜெயிச்சுட்டா உங்க பேச்சு எடுபடாம போயிடும். அந்தப் பயம்தானே?" என்று வண்டிக்குள்ளிருந்து நாயிஃப் சீண்டினான். ஊர்வாய் என்றால் அவன்தான்.

அபூ தலால் அவனைக் கண்டுகொள்ளவில்லை. வஸ்மியாவைப் பார்த்துக் கிழக்கே கையைக் காட்டினார்.

"அவ்வளவு ஆசையா இருந்தா, நடந்து போய் அந்த வெள்ளை மேட்டைக் கிளறு. உடும்பாவது சிக்கும்!"

ஆண்கள் சிரித்தார்கள். மூன்று வண்டிகளும் மேற்கே புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

"சொந்தத் தம்பி பொண்டாட்டின்னு ஒரு இரக்கம் வேண்டாம்?" என்றாள் ஒருத்தி.

"இரக்கமா? அவ கூடாரம் எப்ப சாயும்னு காத்துக்கிட்டிருக்கான்" என்றாள் இன்னொருத்தி.

வஸ்மியா அழவில்லை. இரும்புக் குச்சியையும் சாக்கையும் எடுத்தாள்.

"உடும்பே சிக்கட்டும். அதையாவது பிடிச்சுட்டு வரேன்."

கோபத்தில் நடந்ததில் தூரம் தெரியவில்லை. மேட்டின் மறுசரிவில் இறங்கியவள் சட்டென்று நின்றாள். தரையெல்லாம் ரக்ரூக் செடி. சிமா இருக்கும் இடத்தில்தான் அந்தச் செடி நிற்கும்.

குனிந்து, கன்னம் மண்ணில் படும் அளவுக்குச் சாய்ந்து பார்த்தாள். காலை வெயில் சாய்வாக விழுந்த இடத்தில், தரை லேசாக உப்பி, ரொட்டி மேல்பக்கம் போல வெடித்திருந்தது.

குச்சியால் பக்கவாட்டில் மெல்ல நெம்பினாள். மூடிய கையளவுக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு சிமா வந்தது.

நான்கடி தள்ளி இன்னொரு வெடிப்பு. அதன் பக்கத்தில் இரண்டு.

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் வெடிப்பின் நிழல் தெரியாது. ஓடி ஓடித் தோண்டினாள். நிழல் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தடவித் தடவி உப்பலைக் கண்டுபிடித்தாள். சாக்கு நிறைந்தது. மேலங்கியைக் கழற்றி மூட்டையாகக் கட்டினாள். அதுவும் நிறைந்தது.

சாயங்காலம் அவள் வந்து சேர்ந்தபோது வண்டிகளும் திரும்பியிருந்தன. பன்னிரண்டு ஆண்கள் நாள் முழுக்கத் தேடியதில் ஒரு பேசினின் அடிகூட மறையவில்லை.

வஸ்மியா சாக்கைக் கவிழ்த்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த நொடி பெண்கள் குலவை போட்டார்கள்.

"அபூ தலால், வாங்க! எத்தனை உடும்புன்னு எண்ணிப் பாருங்க!" நாயிஃப் கத்த, ஆண்களும் வெடித்துச் சிரித்தார்கள்.

சமாவா சந்தையிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இந்த வருஷம் இந்த மாதிரி வெள்ளைச் சிமா என் கைக்கு வரல, தங்கச்சி. மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்."

"மொத்தமும் கிடையாது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் கொஞ்சம் கொடுத்தது போக மீதிதான்."

"எனக்கு சிமா வேகவெச்ச தண்ணியும் கொஞ்சம் வெச்சிரு, வஸ்மியா, கண்ணுல விட்டுக்கறேன். கண்ணு ஒரு வாரமா உறுத்துது" என்றாள் நாயிஃபின் அம்மா.

வஸ்மியா அபூ தலாலின் எதிரே போய் நின்றாள். கையெல்லாம் மண்.

"மேட்டைக் கிளறிட்டேன். என் கூடாரம் இங்கேயேதான் நிக்கும்."

"நிக்கட்டும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். அன்று அவரைக் கேலி பேசாத வாய் இல்லை.

தன் கூடாரத்துக்குள் வந்ததும் அவர் மனைவி துர்ஃபா பொரிந்து தள்ளினாள்.

"எல்லார் வாயிலயும் விழுந்து எழுந்திரிச்சாச்சா? அந்த மேட்டுக்குப் பின்னால செடி மண்டிக் கிடக்குன்னு வெள்ளிக்கிழமையே எங்கிட்ட சொன்னது யாரு? அப்புறம் எதுக்கு மூணு வண்டியையும் எதிர்ப்பக்கம் ஓட்டிட்டுப் போனீங்க?"

"மெதுவா பேசு. செடியைத்தான் நான் பார்த்தேன். தோண்டி எடுத்தது அவ."

"அதை அவகிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

அபூ தலால் தங்கள் பங்காக வந்த சிமா ஒன்றில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"நான் கொடுத்தனுப்பின கோதுமை மூட்டையை மூணு தடவை வாசல்லேயே திருப்பி அனுப்பினவ அவ. 'அங்க சிமா இருக்கு, போய் எடுத்துக்கோ'ன்னு நான் சொல்லியிருந்தா, அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டா!"