மூன்றாவது ஜும்ஆ

முனாப் சிரிக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து, கல்முனைக்குடிப் பள்ளிவாசல் முன்னால் ஊரே செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். அவன் மட்டும் தன் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்து, முகத்துக்கு வெயில் கிறீம் பூசிக்கொண்டிருந்தான்.

கரைவலை இழுக்கிற ஆள். வயது நாற்பது. உப்புக் காற்றும் வெயிலும் தின்று கறுத்த முகம். அதன்மேல் அந்தக் கிறீம் ஏறினால், கறுப்புச் சுவருக்குப் பாதி சுண்ணாம்பு அடித்து விட்ட மாதிரித்தான் இருக்கும்.

மருந்துக்கடையில் நிற்கும் றுக்ஸானாவுக்கே பாவமாகப் போய்விட்டது. பூசினால் தெரியாத கிறீமும் இருக்கிறது காக்கா, அதைத் தரட்டுமா என்று கேட்டாள். தெரிகிறதுதான் வேண்டும் என்று சொல்லி இதையே வாங்கி வந்தான்.

இன்றைக்கு வானம் வேறு மூடிக் கிடந்தது. இரண்டு ஒழுங்கை தாண்டினால் வீடு. பூசாமலே போய்விடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் முகில் இருந்தாலும் பூசவேண்டும், தண்ணீர் பட்டால் திரும்பப் பூசவேண்டும் என்பது டொக்டரின் சட்டம். தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவும் வுழூவுக்கு முன்னால் சவர்க்காரம் போட்டு எல்லாவற்றையும் கழுவிவிடுகிறவனுக்கு, ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

நாள் தவறாமல்தான் பூசுகிறான். ஆனால் வீட்டில் இருக்கிறவள் கணக்கில் எடுப்பது வெள்ளிக்கிழமையை மட்டும். மூன்று ஜும்ஆ, ஊர் பார்க்கப் பூசிக் காட்டவேண்டும். சிரித்தது எத்தனை பேர் என்று வந்து உண்மையைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் தன் பங்கைச் செய்வாளா மாட்டாளா என்று முடிவெடுப்பாள்.

இன்று மூன்றாவது. இன்று தவறினால் எல்லாம் பாழ். அவள் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவாள்.

முதல் ஜும்ஆவில் முப்பத்தேழு பேர் சிரித்தார்கள். ஒருவர் போனில் படமும் எடுத்தார். முனாபுக்கு அப்படியே ஓடிப்போய்க் கடலில் பாய்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் நின்று எண்ணி முடித்தான். இரண்டாவது ஜும்ஆவில் பதினொரு பேர்.

இன்று இதுவரைக்கும் ஒருவர்தான். வெளியூர் ஓட்டோக்காரர், பாவம், அவருக்கு இது புதிது. மற்றவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு, மழை வருமா வராதா என்று கதைத்துக்கொண்டு அவனைக் கடந்து போனார்கள்.

பிறகு ஹஸன் வந்தான். கரைவலையில் முனாபுக்குப் பக்கத்தில் நின்று கயிறு இழுக்கிறவன்.

“என்ன மச்சான், ரெண்டாங் கலியாணத்துக்கு ரெடியாகிறயோ?” என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இரண்டு, என்று முனாப் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

சிரித்து முடிந்தும் ஹஸன் போகவில்லை. கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தான். ஒரு மாதமாகத் தோல் உரிந்துகொண்டிருக்கிற மூக்கு. சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை நீட்டினான்.

“கொஞ்சம் தா பாப்பம்.”

முனாப் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது மனைவி ஸுல்பிகா. விலகி வழிவிட்டாள். பரிசோதிக்கிறவள் அவளல்ல.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து நுஸ்ஹா வந்தாள். அவர்களுடைய ஒரே மகள். ஏழு வயது. தலைமுடி, புருவம், இமை எல்லாம் பிறந்த நாளிலிருந்தே வெள்ளை. கொஞ்ச நேரம் வெளியே நின்றாலே தோல் சிவந்து கொப்பளித்துவிடும்.

டொக்டர் கொடுத்த கிறீமைப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாளே வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்று மூலையில் எறிந்த புத்தகப் பையை அவள் பிறகு தொடவேயில்லை. வாசலுக்குக்கூட வரவில்லை. இதைப் பூசிக்கொண்டு நீங்கள் ஜும்ஆவுக்குப் போவீர்களா என்று வாப்பாவைக் கேட்டவள் அவள்தான்.

முதல் வெள்ளிக்கிழமை முப்பத்தேழு என்று அவன் சொன்னபோது அவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. குறைத்துச் சொல்லியிருக்கலாம். அவன் குறைக்கவில்லை.

இப்போது அவன் குனிந்து முகத்தைக் காட்டினான். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

“இண்டைக்கு எத்தின பேர் சிரிச்சாங்க வாப்பா?”

“ரெண்டு பேர் மகள். அதில ஒராள் பிறகு என்னட்டயே வாங்கிப் பூசிட்டுப் போனார்.”

நுஸ்ஹா அதை யோசித்தாள். முப்பத்தேழு, பதினொன்று, இரண்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போய்ப் புத்தகப் பையை எடுத்து, தூசி தட்டி, கதவடியில் கொண்டுவந்து வைத்தாள்.

முனாபால் தாங்க முடியவில்லை. மூன்று ஜும்ஆவாக அடக்கி வைத்திருந்த அழுகை. கன்னத்தில் பூசியிருந்தது கோடு கோடாகக் கரைந்து தாடிக்குள் இறங்கியது.

நுஸ்ஹா அவனுடைய சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“தண்ணி பட்டாத் திரும்பப் பூசணும் வாப்பா. டொக்டர் சொன்னதானே.”

ஒரு விரலில் எடுத்து அவன் கன்னத்தில் பூசினாள். அடுத்த விரலைத் தன் மூக்கில் வைத்தாள்.