வாசலை அடைத்த லாரி

வியட்நாமின் டோங் டாங் ஊர் வழியாகச் சீன எல்லைக்குப் போகும் சாலையில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தன் வீட்டு வாசலை அடைத்து நின்ற டுரியான் பழ லாரியின் கதவைப் படபடவென்று தட்டினாள் லுயென்.

“லாரிக்காரரே! காலையிலேர்ந்து இங்கேயே நிக்கிறீங்களே, நியாயமா?”

“நான் என்னம்மா பண்றது? ஏற்றுமதி ஒரே வருஷத்துல ரெண்டு மடங்குன்னு டிவியில கைதட்டுறாங்க. ரோடு அதே பழைய ரோடுதானே!” என்றான் ஓட்டுநர் தொவான்.

“முதல்ல கீழே இறங்குங்க.”

“இறங்கினா பின்னாடி நிக்கிறவன் முந்திடுவான். பழம் அழுகிடும்.”

“எப்பப் பார்த்தாலும் பழம், பழம்!”

சத்தம் கேட்டுப் போலீஸ்காரர் ஓடி வந்தார். “ஏம்மா, வரிசை நகர்ந்தா அவரே போயிடுவார். நீங்க வீட்டுக்குப் போங்க.”

“நான் போறேன் சார். அவரையும் வரச் சொல்லுங்க!” லுயென் வீட்டைக் கைகாட்டினாள். “இது அவர் வீடு. நான் அவர் பெண்டாட்டி. பொண்ணு பிறந்து நாப்பது நாளாச்சு, இன்னும் முகத்தைப் பார்க்கலை. இந்தப் புகையில அவளைத் தூக்கிட்டு வரவா முடியும்?”

போலீஸ்காரர் தொவானை முறைத்தார். “சாவியைக் கொடுய்யா. பட்டாளத்துல லாரி ஓட்டினவன் நான். வரிசை நகர்ந்தா பார்த்துக்கறேன்.”

குதித்து இறங்கிய தொவான், வீட்டுக் கதவருகே தயங்கினான்.

“கையெல்லாம் கிரீஸா இருக்கே. எப்படித் தூக்கறது?”

“அதுக்கும் ஒரு சாக்கா? உள்ளே சோப்பு இருக்கு, வாங்க!” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் லுயென்.