சாமான் லிஃப்ட்

அறையில் இருந்தவர்கள்: முதலாளி யிப் மேடம், வக்கீல் குவோக், மேலாளர் சோய், காவலாளி சந்திர லிம்பு. லிம்புவின் காலடியில் டேப் ஒட்டிய பெரிய அட்டைப்பெட்டி. அதன்மேல் ஓர் உறை.

பெட்டியைப் பார்த்ததும் சோய்க்கு வயிறு குளிர்ந்தது. அந்த ஹாங்காங் அலுவலகத்தில் ஒருவரின் சாமான்களைக் கட்டிய பெட்டி வந்தால் யாருக்கோ வேலை போகிறது. போகிறவனுக்குக் கதவுக்கு வெளியேதான் கடிதம். உள்ளே கொடுத்தால் கலாட்டா செய்வான். சோய் வகுத்த முறை அது.

காலை முழுக்கக் கிடங்கில் கத்திவிட்டு மேலே வந்திருந்தான். மேசைமேல் அவனுடைய மூடி போட்ட பீங்கான் கோப்பையைக் காணோம். காகிதக் கப்பில் டீ. அந்த எரிச்சலும் இப்போது பறந்துவிட்டது.

லிம்பு சமவாய்ப்பு ஆணையத்தில் கொடுத்திருந்த புகாரைக் குவோக் புரட்டினார். "இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை, தெற்காசியக்காரங்களை மட்டமா சொல்ற 'ஆச்சா'ங்கிற வார்த்தையிலதான் கூப்பிடறீங்க. நேபாளி நாத்தம்னு சாமான் லிஃப்ட்லதான் ஏத்தறீங்க. உண்மையா?"

"நாத்தத்தை நாத்தம்னு சொல்லாம பன்னீர்னா சொல்லுவாங்க?"

"இனப்பாகுபாட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, மிஸ்டர் சோய். நீங்க பேசினதுக்குக் கம்பெனியும் பதில் சொல்லணும்."

"அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்! ஆணையம் வரைக்கும் போனவனை வச்சுக்கிட்டா நாளைக்கு எல்லாப் பயலும் போவான். இன்னிக்கே துரத்துங்க."

யிப் மேடம் தலை நிமிரவில்லை. "இன்னிக்கே முடிஞ்சுடும். லிம்பு, பெட்டியை எடு. சோய், நீங்களும் வாசல் வரைக்கும் போங்க."

லிம்பு பெட்டியைத் தூக்கினான். உள்ளே ஏதோ கிணுங்கியது.

"உன் சொத்தே ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு குடை. அதுக்கு இவ்வளவு பெரிய பெட்டியாடா?"

லிம்பு இடுப்பில் சாவிக்கொத்து ஆட, பின்னால் வந்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சோய்தான் முதலில் வெளியேறினான். சாமான் லிஃப்ட்டின் பொத்தானையும் அவனே அமுக்கினான். "வாடா ஆச்சா. உன் ரதம் வருது. கடைசி சவாரி."

லிம்பு வாசலைத் தாண்டவில்லை. பெட்டியை நீட்டினான். சோய் யோசிக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து லிம்பு சொன்னான்.

"பாத்துப் பிடிங்க, சார். உள்ள உங்க டீக் கோப்பை இருக்கு."