உச்சிக் கல்

"மலையை வெட்டுறவனுக்கெல்லாம் மோட்சமே கிடையாது!" என்றாள் நிர்மலா, ஜன்னல் வழியே பார்த்தபடி.

ஆடிக்கொண்டிருந்த கிரானைட் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்த மணிவேல் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தான். மேசைக் காலைச் சரிபண்ணக் கல்லுக்கடையிலிருந்து வந்தவன்.

சோபாவில் புராஜெக்ட் நோட்டோடு இருந்த மகள் வின்சி கேட்டாள்: "மம்மி, உச்சி தட்டையா இருக்கிற மலைக்கு ஏன் மேசான்னு பேரு?"

"ஸ்பானிஷ்ல மேசான்னா மேசை. அதையே போர்ச்சுகீஸ்காரன் கப்பல்ல கொண்டாந்து இறக்கினதுதான் நம்ம மேசையும். எங்க கான்வென்ட் சிஸ்டர் முட்டி போட வெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. சாகிற வரைக்கும் மறக்காது."

"அப்ப நம்ம பாகலூர் மலையும் மேசாவா? தட்டையாத்தானே இருக்கு?"

"வாயைக் கழுவு! மேசா மழையிலயும் காத்துலயும் லட்சக்கணக்கான வருஷமா ஆனது. இது ஆறே வருஷத்துல மெஷின் வெச்சுச் சீவினது."

சட்டென்று அவள் குரல் இறங்கியது.

"கிருஷ்ணகிரி ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வர்றப்ப, பஸ்ஸுல எனக்கு உச்சிதான் முதல்ல தெரியும். அதுல குறுக்கால ஒரு சிவப்புக் கோடு, நகப்பாலிஷ் இழுவின மாதிரி. பார்த்ததும் அழுகை வந்துடும். அம்மாகிட்ட வந்துட்டோம்னு. இப்ப அம்மாவும் இல்ல, கோடும் இல்ல. ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும்டி."

மேசைக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"என்னப்பா, தூங்கிட்டியா? ஒட்டுப் போடாத ஒரே கல்லு, எட்டடிக்கு வேணும்னு உங்க முதலாளியை நாலு மாசம் விரட்டி வாங்கினேன். இப்படி ஆடினா?"

"இனி ஆடாதுங்கக்கா. ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லித் தொலை."

"கோடு இருந்தா வாங்குறவங்க குறை சொல்வாங்கன்னு, அந்தப் பக்கத்தைக் கீழ திருப்பிப் போட்டுடுவோமுங்க."

"எந்தக் கோடு?"

"நீங்க கேட்ட எட்டடிக் கல்லு மலையில வேற எங்கயும் சிக்கலைங்கக்கா. உச்சியிலதான் இருந்துச்சு. முதலாளி சொல்லி நான்தான் வெட்டி இறக்கினேன்."

டார்ச்சை வெளியே நீட்டினான்.

நிர்மலா சேலையைச் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே முட்டி போட்டாள்.