எருமையா, தண்ணி டிரம்மா?

போன மாதம் கண் டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த டிராயிங் மிஸ் எனக்குச் சொன்னது இது. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். நடுவில் ஒரு தடவை மூக்கையும் உறிஞ்சிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில். பக்கவாதம் வந்து தேறிவருகிறவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, பெயிண்டும் பிரஷ்ஷும் கொடுத்து வரையவைப்பாள். கையும் பழகும், மனசும் லேசாகும்.

அதில் ஒருவர் தையல்காரர். கால் வந்துவிட்டது, கை வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. "இனி அவரா முயற்சி பண்ணினாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டார் டாக்டர். மனுஷன் வாயைத் திறந்தால்தானே? ஒரு வாரமாக ஒரே படத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் சேர்த்து அவர் சம்சாரம் பேசினாள்.

"என்னங்க இது, எருமையா?"

தையல்காரர் முறைத்தார். பிரஷ்ஷை நனைத்து, இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசினார்.

"ஓ, தண்ணி டிரம்மா! அதுக்கு எதுக்குங்க கண்ணும் மூக்கும்?"

கூடமே கொல்லென்று சிரித்தது. பூ வரைந்துகொண்டிருந்த லாரி டிரைவருக்கு, சிரித்த சிரிப்பில் இலை பூச்சாடியைத் தாண்டி ஓடிவிட்டது.

மிஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் தினம் இதே கூத்து. அந்தம்மாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? நாளையிலேர்ந்து வெளியிலயே உட்காருங்க."

அந்தம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"அப்போ இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கா மிஸ்?"

பதிலுக்குக்கூட நிற்காமல் விறுவிறுவென்று திரும்பிப் போனாள். படத்தின் மேல் குனிந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! மூட்டை! ஓரம் பிரிஞ்ச அழுக்கு மூட்டை!"

தையல்காரர் பிரஷ்ஷை டொக்கென்று வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது.

"நீ… நீ…"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"நீ…தான்டி!"

லாரி டிரைவர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கை தட்டினார். மிஸ் ஓடி வந்தாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

"நல்லாயிருக்குன்னா தலையாட்டிட்டுப் போயிடுவார் மிஸ். அளவைத் தப்பாச் சொன்னா மட்டும் அந்தக் காலத்துலேர்ந்தே இவருக்குப் பொறுக்காது, வாயைத் திறந்து திருத்தியே ஆகணும். அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

இதுவரைக்கும் அவருக்கு நாலைந்து வார்த்தைதான் திரும்பியிருக்கிறதாம். அத்தனையும் திட்டு. நல்ல வார்த்தையும் வரவேண்டும். இன்றைக்கு வேண்டிக்கொள்ளும்போது அவரையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.